துடைப்பம் ஓடின மதியம்

எங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல துடைப்பம்னு பேரு. வெச்சது நான் இல்லைங்க, ஆனா மொதல் தடவை கேட்டப்போ வாய்விட்டுச் சிரிச்சது நான்தான். அவரு கோவிச்சுக்கல. "பெருக்கறதும் ஒரு வேலைதானே"ன்னு சொல்லிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கோவமே வராத மனுஷன். அவருக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து எனக்கே குடுத்துட்டாங்க போல, எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்.

எங்க ஆபீஸ் என்ன ஆபீஸ்னு சொல்லிடறேன். தனியா இருக்கற வயசானவங்க கழுத்துல நாங்க ஒரு பட்டன் மாட்டி விடுவோம். விழுந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ அதை ஒரு அமுக்கு அமுக்கினா எங்க ஹால்ல மணி அடிக்கும். என் முன்னாடி திரையில ஆளோட பேரு, விலாசம், என்னென்ன வியாதி, எந்தக் கதவு வழியா உள்ள போகணும், எல்லாம் வந்து நிக்கும். அந்தப் பட்டன்லயே பேசவும் கேட்கவும் வசதி உண்டு. நான் ஹெட்செட்ல "சொல்லுங்கய்யா, என்ன ஆச்சு"ன்னா, அங்க அவங்க நெஞ்சு மேலேர்ந்தே என் குரல் கேட்கும். நிலைமை மோசம்னா வண்டி அனுப்புவோம். எங்ககிட்ட இருக்கறது ரெண்டே வண்டி. முக்கால்வாசி மணி வெட்டி மணிதான். தூக்கத்துல புரண்டு படுத்துப் பட்டனை நசுக்கிட்டு, நான் ஹலோ ஹலோன்னு தொண்டை கிழியக் கத்தக் கத்தக் குறட்டை விட்டவங்க எத்தனையோ பேரு.

நான் ஹால்ல மணி எடுக்கறவ. அவரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கறவரு. அதாவது எந்த ஆளு எந்தக் கதவு வழியா உள்ள போகலாம், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு கட்டுக்காவல் பண்றவரு. அந்த வேலைக்கு அவரை மாதிரி ஆளு கிடைக்கமாட்டாங்க, ஏன்னா அவருக்கு எல்லாத்துக்கும் பயம். ஊருக்குக் கிளம்பினா தெருமுனை வரைக்கும் போயிட்டு, கேஸை மூடினோமான்னு திரும்பி வருவாரு. மூடித்தான் இருக்கும். மறுபடி தெருமுனைக்குப் போனதும், பார்க்க வந்தப்போ கதவைப் பூட்டினோமான்னு நிப்பாரு. "நீங்க இங்கயே நின்னுக்கிட்டு இருங்க, நான் போயிட்டு வந்துடறேன்"னு நான் தனியா பஸ் ஏறினதும் உண்டு.

ஆபீஸ்ல அவரோட பெரிய பயம் மிச்சம் மீதி. ஒருத்தரு வேலையை விட்டுப் போயிடறாரு, அவரோட கணக்கை எடுத்தாச்சு, ஆனா அவரு விட்டுட்டுப் போன கோப்புகள் எங்கேயோ மூலையில கிடக்கும். அதுக்குச் சொந்தக்காரரு இப்போ கிடையாது. கம்ப்யூட்டருக்குள்ள ஆளுங்க பேரா இருக்கமாட்டாங்களாம், எண்ணாத்தான் இருப்பாங்களாம். எண்ணைக் கொடுத்து இது யாருன்னு கேட்டா பேரைச் சொல்ற ஒரு ஏற்பாடு இருக்கு. ஆளைத் தூக்கிட்டா எண்ணு மட்டும் கோப்போட நெத்தியில ஒட்டிக்கிட்டிருக்கும், கேட்டா "அப்படி யாரும் இல்ல"ன்னு பதில் வரும். நாளைக்கே புதுசா ஒருத்தருக்கு அதே எண்ணு விழுந்துடுச்சுன்னா பழைய ஆளோட கோப்பெல்லாம் புது ஆளு சொத்து. இதை நெனச்சு நெனச்சு அவருக்குத் தூக்கம் வராது. அதனால ஒரு சின்ன புரோகிராம் எழுதினாரு. தினம் மதியம் சாப்பாட்டு நேரத்துல அது ஓடும். பேரில்லாத எண்ணு ஒட்டின கோப்பு எங்க கிடைச்சாலும் அள்ளிக் குப்பையில போட்டுடும். அதுக்கு அவரு வெச்ச பேரு துடைப்பம். அது ஒழுங்கா வேலை செஞ்சுது, பேரு அவருக்கு ஒட்டிக்கிச்சு.

அப்புறம் இன்னொரு பயம் வந்துச்சு. பட்டன் மணியை வாங்கி எங்க திரையில பேரைக் காட்டறதும் ஒரு புரோகிராம்தான். அதுக்கு நிரந்தரமா ஒரு கணக்கு இருந்துச்சு. நிரந்தரமா இருக்கற கணக்குன்னா திருடனுக்கு நிரந்தரமா ஒரு சன்னல்னு இவரு சொன்னாரு. சாப்பிட்டுக்கிட்டே இதை எனக்கு விளக்கினாரு. நான் கேட்கல, இருந்தாலும் விளக்கினாரு.

"இனிமே அதுக்குத் தற்காலிகக் கணக்கு. ஓட ஆரம்பிக்கும்போது ஒரு எண்ணு, ஒரு பேரு கிடைக்கும். நிறுத்திட்டா ரெண்டும் போயிடும்."

"எங்க போயிடும்?"

"எங்கயும் போகாதும்மா, இல்லாமலே போயிடும். லாட்ஜ் ரூம் மாதிரின்னு வெச்சுக்கோ. தங்கற வரைக்கும் அந்த ரூம்ல யாருன்னு கேட்டா பேரு சொல்லுவாங்க. காலி பண்ணிட்டா, அந்த ரூம்ல யாரும் இல்ல."

"அப்போ ரூம்ல வெச்ச பெட்டி படுக்கை?"

"அது அங்கயே இருக்கும். திரும்பி வந்தா அவருக்கே கொடுத்துடுவாங்க"ன்னாரு. இன்னொரு கரண்டி சோறு போட்டேன், பேச்சு அதோட முடிஞ்சுது.

மாமாவைப் பத்தியும் சொல்லணும். மாமான்னா என் மாமனார், இவரைப் பெத்தவரு. பஸ் டிரைவரா இருந்து ஓய்வு வாங்கினவரு. அத்தை போனதுக்கப்புறம் ஊரோட வடக்குக் கோடியில, ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரு மாடி வீட்டுல தனியாத்தான் இருந்தாரு. எங்களோட வந்துடுங்கன்னு கால்ல விழாத குறையா கேட்டாச்சு. "உங்க வீட்டுக்கு வந்தா உன் புருஷன் என்னையும் ரெண்டு தடவை பூட்டிப் பார்ப்பான்"னு சொல்லிட்டாரு. குணம் தங்கம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கீழ்வீட்டுக்காரரோட தண்ணிக்குச் சண்டை, பக்கத்து வீட்டம்மாவோட நாய்க்குச் சண்டை. அந்தத் தெருவுல ஒருத்தரோட போன் நம்பர்கூட எங்ககிட்ட கிடையாது, கொடுக்கற நெலமையில அவரு யாரையும் விட்டு வைக்கல. பட்டனை மாட்டிக்க வைக்கவே பெரும்பாடு பட்டோம். "மாட்டுக்கு மணி கட்டற மாதிரி கட்டிட்டீங்களேடா"ன்னு திட்டிக்கிட்டே மாட்டிக்கிட்டாரு.

அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, பட்டன் புரோகிராமுக்குப் புது வடிவம் வந்திருந்துச்சு. அதைப் போடணும்னா ஓடறதைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும். எப்போ நிறுத்தலாம்னு இவரு நாள் கணக்கா யோசிச்சு, மணி ரொம்பக் கம்மியா அடிக்கற நேரம் மதியச் சாப்பாட்டு நேரம்தான்னு முடிவு பண்ணினாரு. துடைப்பத்துக்கும் அதே காரணத்துக்காக அதே நேரத்தைத்தான் எப்பவோ குறிச்சு வெச்சிருந்தாரு. எழுதின மனுஷனுக்கே அது ஞாபகம் இல்ல. தினம் தானா ஓடற ஒண்ணை யாரு ஞாபகம் வெச்சுக்கறாங்க?

நிறுத்தினாரு, புதுசைப் போட்டாரு, திரும்ப ஓட விட்டாரு. ஒரு பிசகும் இல்ல. கண்ணாடி வழியா எனக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்கார்ந்து மூடியைத் திறந்தாரு. மணி அடிச்சுது.

நான் எடுத்தேன். திரையில ஒரு நீளமான எண்ணு மட்டும் நின்னுச்சு. பேரு இருக்கற இடம் வெள்ளை, விலாசம் இருக்கற இடம் வெள்ளை. நான் திரையைத் தட்டினேன், டிவியைத் தட்டற மாதிரி. "ஏங்க, பேரு வரலை"ன்னேன்.

"வரும், இரு"ன்னாரு. வரலை.

காதுல தண்ணிச் சத்தம். குழாயைத் திறந்து விட்டுட்டா ரொம்பி வழியுமே, அந்தச் சத்தம். அதுக்கு நடுவுல ஒரு முனகல். "ஹலோ, யாரு பேசறீங்க? உங்க பேரைச் சொல்லுங்க"ன்னேன். முனகல்தான். "பேச முடியலைன்னா எதையாவது தட்டுங்க"ன்னேன். தட்டல. இது புரண்டு படுத்த மணி இல்லைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

இவரு டப்பாவை அப்படியே விட்டுட்டு ஓடினாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரு முகத்தை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. மேனேஜரம்மா போயி என்ன தம்பின்னு கேட்டதுக்கு, "காலியா இருக்கு மேடம்"னாரு. எல்லாப் பேரும் விலாசமும் இருக்கற இடம் காலி. அப்புறம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாரு. அப்புறம் தலையில கையை வெச்சுக்கிட்டு, "துடைப்பம்"னு மட்டும் சொன்னாரு.

லாட்ஜ் ரூமைக் காலி பண்ணின அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள துடைப்பம் வந்திருக்கு. கோப்புல ஒட்டின எண்ணைப் பார்த்து யாருடையதுன்னு கேட்டிருக்கு. அப்படி யாரும் இல்லைன்னு பதில் வந்திருக்கு. எங்க ஊர்ல தனியா இருக்கற வயசானவங்க அத்தனை பேரோட பேரையும் பெருக்கித் தள்ளிட்டுப் போயிடுச்சு. சொன்ன வேலையைத்தான் செஞ்சுது, அதை எப்படிங்க திட்டறது?

"வேற பிரதி இருக்கா இல்லையா?"ன்னு மேனேஜரம்மா கத்தினாங்க. இருந்துச்சு. பயந்த மனுஷனாச்சே, இல்லாம இருக்குமா? ஆனா அது ஊருக்கு நடுவுல இன்னொரு கட்டடத்துல, இன்னொரு மெஷின்ல இருந்துச்சு. அங்கேர்ந்து இழுத்துக்கிட்டு வரணும், அதுக்கு நேரம் பிடிக்கும். இழுக்க ஆரம்பிச்சாரு.

ஹால்ல மத்த ரெண்டு பொண்ணுங்களும் அவங்கவங்க போன்ல பழைய அழைப்புகளைத் தேடித் தேடி, தெரிஞ்ச பெரியவங்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பிச்சாங்க. யாரு எடுக்கலையோ அவங்கதான்னு கண்டுபிடிச்சுடலாம்னு நெனப்பு. மதியத் தூக்க நேரம். பாதிப் பேரு எடுக்கல. எடுத்தவங்க, ஏம்மா தூக்கத்தைக் கெடுக்கறீங்கன்னு திட்டினாங்க. அந்தத் திட்டு ஒவ்வொண்ணும் காதுக்கு இனிப்பா இருந்துச்சு.

நான் என் போன்ல மாமாவைக் கூப்பிட்டேன். அடிச்சு அடிச்சு ஓஞ்சுது. மறுபடியும் போட்டேன். எடுக்கல.

அப்போதான் எனக்குப் பொறி தட்டுச்சு. மாமா மதியம் குளிக்கறவரு. காலையில தண்ணி கீழ்வீட்டுக்காரன் பிடிச்சுடறான்னு ஒரு வீம்பு. மதியம் வாளியை ரொப்பி, ஆற அமரக் குளிச்சுட்டுத்தான் சாப்பிடுவாரு. காதுல தண்ணிச் சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. "மாமா, நீங்களா? நீங்கன்னா ஒரு சத்தம் குடுங்க மாமா"ன்னு கேட்டேன். முனகல் வந்துச்சு. ஆனா அந்த முனகல் கேட்டாலும் வருது, கேட்காட்டியும் வருது. ஆம்பளைக் குரலா பொம்பளைக் குரலான்னுகூடப் பிரிக்க முடியல. மாமாவோட பட்டன் எண்ணு எனக்கெப்படித் தெரியும்? அது பட்டனோட முதுகுல பொடி எழுத்துல இருக்கும். பேரு வரும்போது எண்ணை யாரு பார்த்தா?

பொது ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். ஆளுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. போனை எடுக்கலைன்னு சொன்னேன். போனை எடுக்காதவங்க வீட்டுக்கெல்லாம் வண்டி அனுப்பினா வண்டிக்கு எங்கம்மா போறதுன்னு வெச்சுட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, ஆனா நான் சொன்னேன், நல்லாவே சொன்னேன்.

எங்க ரெண்டு வண்டியில ஒண்ணு வேற ஒரு பெரியவரை ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்துச்சு. இன்னொண்ணு வாசல்ல என்ஜினைப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. டிரைவர் உள்ளேயே ஓடி வந்து, "எங்க போகணும் சொல்லுங்க, எங்க போகணும்"னு நின்னாரு. யாரால சொல்ல முடியும்?

நான் ஹெட்செட்டோடயே எழுந்து நின்னேன். "மேடம், அது எங்க மாமாதான். போனை எடுக்கல, தண்ணிச் சத்தம் கேட்குது, இது அவரு குளிக்கற நேரம். வண்டியை அங்க அனுப்புங்க"ன்னேன்.

மேனேஜரம்மா தலையைச் சொறிஞ்சாங்க. மாமா வீடு வடக்குக் கோடி. மத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு தெற்குப் பக்கம். கேட்டைத் தாண்டிப் போன வண்டி, கேட் அடைச்சுட்டா திரும்ப வர முடியாது. அவங்க கண்ணாடிப் பக்கம் திரும்பி, "தம்பி, உங்கப்பாதான்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க. அனுப்பட்டுமா?"ன்னு கேட்டாங்க.

அவரு திரும்பல. முதுகைக் காட்டிக்கிட்டே, "அனுப்பாதீங்க மேடம்"னாரு.

"என்னது?"ன்னேன்.

"அவரா இல்லைன்னா? வேற யாரோ தெற்குப் பக்கம் கிடப்பாங்க. வண்டி அங்க போயிட்டா அவங்க செத்துடுவாங்க. பேரு வரட்டும்."

"பேரு வர்றதுக்குள்ள ஆளு போயிடுவாருங்க! உங்களைப் பெத்தவரு! உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"பேரு வரட்டும்."

"உங்கப்பாவா இருந்தா நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன், சொல்லிட்டேன்!"

பிரதி எவ்வளவு வந்திருக்குன்னு காட்டற கோடு திரையில மெல்ல மெல்ல நகருது, அவரு அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. சட்டை முதுகு முழுக்க நனைஞ்சு ஒட்டியிருந்துச்சு. குரல் அப்படி நடுங்கி நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல, அதுக்கப்புறமும் கேட்டதில்ல. ஆனா எனக்கு அப்போ அதெல்லாம் மனசுல ஏறல. கையில கெடச்ச தண்ணி பாட்டிலைக் கண்ணாடி மேல வீசினேன். பிளாஸ்டிக்குதான், உடையல.

காதுல முனகல் மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு. தண்ணி மட்டும் அப்படியே ஓடுச்சு.

"வந்துடுச்சு"ன்னு அவரு கத்தினாரு. எல்லாரும் என் திரைக்கு ஓடி வந்தாங்க. எண்ணு அப்படியே நின்னுச்சு. பேரு இடம் வெள்ளை, விலாசம் இடம் வெள்ளை. மேனேஜரம்மா பொத்துன்னு நாற்காலியில உக்கார்ந்துட்டாங்க. நான் மறுபடியும் திரையைத் தட்டினேன்.

கோப்பெல்லாம் திரும்பி வந்துடுச்சு, ஆனா பழைய எண்ணோடயே வந்திருக்கு. புரோகிராமோ இப்போ புது எண்ணுல ஓடிக்கிட்டு இருக்கு. பழைய ரூம் போயி வேற ரூம் கெடச்சிருக்கு. பெட்டி அதனோடதுதான், ஆனா ரூமுக்குள்ள வர்றப்போ இல்லாம அப்புறமா வந்த பெட்டிங்கறதால, இது உன்னோடது இல்லைன்னு அதையே தொட விடல. ஒருத்தரு கோப்பை இன்னொருத்தரு தொடக் கூடாதுன்னு கட்டுக்காவல் போட்டதும் இவருதானே. யானை தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதை. அவரு விரல் தடுமாறித் தடுமாறித் தப்பா அடிச்சுது. அழிச்சாரு, திரும்ப அடிச்சாரு. இடது கையால வலது மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு அடிச்சதை நான் பார்த்தேன். கோப்புகளையெல்லாம் புது எண்ணுக்கு மாத்தினாரு. புரோகிராமை நிறுத்தினா பட்டன் இணைப்பு போயிடும்னு, ஓட விட்டபடியே கோப்புகளைத் திரும்பப் படிக்க வெச்சாரு.

திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுச்சு. பேரு வந்துச்சு.

நான் படிச்சேன். மாமா பேரு. டிரைவர், "எங்கக்கா, எங்க?"ன்னு என் தோளைப் பிடிச்சு உலுக்கறாரு, நான் சிலை மாதிரி நிக்கறேன். இவரு உள்ளேர்ந்து வந்து என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தாரு. அப்புறம் சத்தமா, நிறுத்தி நிறுத்திப் படிச்சாரு. பேரு, வீட்டு நம்பரு, தெரு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், முன்கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கும், பின்படி வழியா போங்க, மாற்றுச் சாவி உங்க பெட்டியில இருக்கு, சர்க்கரை உண்டு, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறாரு. யாரோ ஒருத்தரோட விலாசத்தைப் படிக்கற மாதிரி கடைசி வரைக்கும் படிச்சாரு. டிரைவர் ஓடினாரு. இவரு என் மேசைக்கு அடியில இருந்த குப்பைக் கூடையை இழுத்து அதுல வாந்தி எடுத்தாரு.

நான், "மாமா, வண்டி வருது, வந்துக்கிட்டே இருக்கு, கண்ணை மூடாதீங்க மாமா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. கேட் திறந்திருக்கணுமேன்னு எந்தெந்த சாமியையோ கூப்பிட்டேன். முனகல் நின்னுடுச்சு. இவரு என் பக்கத்துல தரையில உக்கார்ந்துக்கிட்டு, ஹெட்செட்டோட வயரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு, அதுல என்னமோ தெரியற மாதிரி. கடைசியா காதுல ஒரு கதவுச் சத்தம். யாரோ குழாயை மூடினாங்க. "அய்யா, அய்யா"ன்னு கூப்பிட்டாங்க. அப்புறம் டிரைவர் குரல், பட்டன் கிட்ட வாயை வெச்சுச் சொன்னாரு, "உசுரு இருக்குக்கா."

குளியலறையில வழுக்கி, குழாய்த் தொட்டியில தாடையை மோதி, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவுல ரெண்டு கையும் சிக்கி விழுந்து கெடந்தாரு, விழுந்த வேகத்துலதான் பட்டன் அமுங்கியிருக்கு. தாடை எலும்பு விட்டுடுச்சு, அதான் பேச்சு வரலை. இடுப்பும் போச்சு. துண்டு போய் சாக்கடை வாயை அடைச்சுக்கிட்டதால, வாளி வழிஞ்ச தண்ணி அவரு காது வரைக்கும் நின்னிருக்கு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா மூக்குக்கு வந்திருக்கும்னு டிரைவர் சொன்னாரு. கேட்காமலே சொன்னாரு, சொல்லாம இருந்திருக்கலாம்.

அன்னிக்கே துடைப்பத்தை எடுத்துட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதி மேனேஜரம்மா கையில குடுத்தாரு, தன் பேரை ஒளிக்கல. அவங்க அவரை வேலையை விட்டு அனுப்பல. "இவ்வளவு பயந்தவரே இப்படிப் பண்ணினா, பயமில்லாதவனை வெச்சு நான் என்ன பண்றது"ன்னாங்களாம்.

ஆஸ்பத்திரியில மாமா எங்களோட பேசல. தாடையைக் கட்டியிருந்தாங்க, பேச முடியாதுன்னு நாங்க நெனச்சோம். ஆனா நர்ஸோட ஜாடையில பேசினாரு, பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினாரு. இவரு வந்தா மட்டும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்குவாரு. இவரு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு அந்த முதுகுக்குப் பின்னாடியே உக்கார்ந்திருப்பாரு. ஆபீஸ் முடிஞ்சதும் நேரா அங்கதான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கட்டு வலிக்குது போல, அதான் பேசலைன்னு. எனக்கே அது பொய்னு தெரியும்.

கட்டைத் தளர்த்தின அன்னிக்குத்தான் மாமா வாயைத் திறந்தாரு. மொதல்ல என்கிட்டதான். வார்த்தை கொழகொழன்னு வந்துச்சு, காதை வாய்கிட்ட கொண்டு போய்க் கேட்டேன்.

"யாரு பேசறீங்கன்னு கேட்டது நீதானேம்மா?"

"ஆமாம் மாமா."

"அப்புறம் மாமா நீங்களான்னு கேட்டே."

"ஆமாம்."

"ஆமா ஆமான்னுதான்மா கத்தினேன். நீ மறுபடி மறுபடி கேட்டுக்கிட்டே இருந்தே."

எனக்கு அடக்க முடியல. முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுதேன். அப்போதான் எனக்கு இன்னொண்ணு உறைச்சுது. அன்னிக்கு நான் ஹெட்செட்டோடயே எழுந்து நின்னு கத்தினேன். பட்டனோட இருந்த இணைப்பை மூடவே இல்ல. நான் பேசினது, மேனேஜரம்மா கேட்டது, கண்ணாடிக் கதவு திறந்திருந்ததால இவரு சொன்னது, எல்லாம் அந்தக் குளியலறையில, அவரு நெஞ்சு மேலேர்ந்தே கேட்டிருக்கு.

மாமா இவரு பக்கம் திரும்பினாரு. "டேய்"ன்னாரு.

இவரு ஸ்டூல்லேர்ந்து எழுந்து கிட்ட போனாரு.

"வண்டியை அனுப்பாதீங்கன்னது நீ."

"ஆமாம்பா."

இல்லைன்னு சொல்லுவாரோ, சாக்கு சொல்லுவாரோன்னு நான் பார்த்தேன். கையைக் கட்டிக்கிட்டு, அடி வாங்க நிக்கற பையன் மாதிரி நின்னாரு. மாமா கையைத் தூக்கினாரு. அடிக்கத்தான் போறாருன்னு நான் குறுக்க போகப் பார்த்தேன். அவரு இவரோட சட்டையை, வயித்துப் பக்கம், கொத்தாப் பிடிச்சாரு.

"சரியாத்தான் சொன்னே. இப்போ தெரியுது. அங்க கெடந்தப்போ தெரியலடா. எம்புள்ளையே வேணாம்னுட்டானேன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினாரு. "பயந்துட்டேன்டா. ரொம்பப் பயந்துட்டேன்."

"நானும்பா"ன்னாரு இவரு.

மாமா சட்டையை விடல. பிடிச்சுக்கிட்டே கண்ணை மூடினாரு. நர்ஸ் வந்து, பார்க்கற நேரம் முடிஞ்சுது, கிளம்புங்கன்னா. கொஞ்சம் சும்மா இரும்மான்னு நான் அவளைப் பார்த்துச் சீறினேன். அவ அந்தக் கையைப் பார்த்துட்டு, படுக்கையைச் சுத்தியிருந்த திரைச்சீலையை இழுத்து விட்டுட்டுப் போயிட்டா. மாமா தூங்கிப் போயி, பிடி தளர்ந்து, விரல் சும்மா சட்டை மேல கெடந்துச்சு. அப்பவும் இவரு நிமிரல. படுக்கை மேல குனிஞ்சபடியே நின்னுக்கிட்டு இருந்தாரு.